கொங்குச் செல்வர்களின் வீட்டுச் செலவுக் கணக்கு

கேள்வி இது: கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் பல நூறு கோடிக்குச் சொந்தக்காரர்கள் ஏராளமாக இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் கடைவீதியிலோ கோயிலிலோ பார்த்தால் அவர்களை அடையாளமே தெரிவதில்லை. வீட்டுக்குள் அவர்கள் உண்மையில் எப்படித்தான் வாழ்கிறார்கள்? அந்த எளிமை நிஜமா, வருமான வரித் துறைக்காகப் போடும் வேடமா?

கோவையில் தணிக்கையாளராகத் தொழில் செய்பவன் நான். ஆலைக்காரர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் என்று பல குடும்பங்களின் கணக்குகளைத் தலைமுறை மாறிய பிறகும் பார்த்து வருவதால், ஓரளவு விரிவாகவே விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர்களைப் பற்றிய இடங்களில் ஊரும் பேரும் இருக்காது. பொதுவாழ்வில் பதிவாகியுள்ளவர்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

அந்த எளிமை நிஜம். ஆனால் அதைத் துறவு மனப்பான்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே பணம் தனி மனிதரின் பையில் தங்குவதில்லை; அண்ணன் தம்பிகளின் கூட்டுத் தொழிலிலும், வங்கிக் கடனிலும், நூல் வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியிலும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒருவர் தாராளமாகச் செலவு செய்யும்போது இரண்டு பேர் அதைக் கவனிக்கிறார்கள். ஒருவர் கடன் கொடுத்தவர். இன்னொருவர் கூடப் பிறந்தவர். கொங்குப் பணக்காரர்களின் பழக்கவழக்கங்களில் பாதிக்கு மேல் இந்த இருவருடைய மனமும் கோணாமல் பார்த்துக்கொள்வதற்காக உருவானவை என்பதே என் கணிப்பு.

செல்வம் வந்த வழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோவையின் முதல் நூற்பாலை 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் ஏற்பட்டது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகே உள்ளூர்க்காரர்களின் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றை எழுப்பியவர்களில் பலர் பருத்தி விளைவித்தவர்கள், பருத்தி அரைவை ஆலை நடத்தியவர்கள். திருப்பூரில் 1970களின் பிற்பகுதியில் பின்னலாடை ஏற்றுமதி தொடங்கி அடுத்த பத்தாண்டில் வேகமெடுத்தபோது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவும் டைலராகவும் இருந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் முதலாளிகளானார்கள். இன்று நாட்டின் பெரும் செல்வர்கள் பட்டியலில் இடம்பெறும் கே.பி.ஆர். மில் நிறுவனர் கே.பி. ராமசாமி, உறவினர் ஒருவரிடம் வாங்கிய 8,000 ரூபாய்க் கடனில் விசைத்தறி போட்டுத் தொடங்கியவர். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளும் லாரிகளும், கரூரின் துணித் தொழிலும் பஸ் பாடி கட்டும் பட்டறைகளும் ஏறக்குறைய இதே வழியில் வளர்ந்தவைதாம். காளைகளைப் பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீர் இறைத்த அப்பாரை, அதாவது தாத்தாவை, நேரில் பார்த்தவர்கள் அந்த வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மூன்று தலைமுறைக்குள் வந்த செல்வம் என்பதால், அது போய்விடவும் கூடும் என்ற நினைப்பு அவர்களை விட்டு நீங்குவதே இல்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். வெளியாட்கள் நம்ப மறுக்கும் முதல் செய்தி, கோடிகளில் புரளும் இந்தக் குடும்பங்களில் ஒவ்வொரு சகோதரரும் மாதச் சம்பளக்காரரைப் போல ஒரு குறிப்பிட்ட தொகையைத்தான் வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார் என்பது. கணக்கில் இதை டிராயிங்ஸ் என்று எழுதுவோம். ஆண்டுத் தொடக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி அந்தத் தொகையை முடிவு செய்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால், மகளின் பிரசவச் செலவாக இருந்தாலும், மூத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தலைமைப் பொறுப்பில் இருக்கும் மூத்த அண்ணனே தம்பி மகனிடம், “கண்ணு, இந்த மாசம் எனக்கு ஒரு அம்பதாயிரம் சேர்த்தி வேணும், உங்கப்பன்கிட்ட சொல்லிடு” என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கையெழுத்தில் அன்றைக்கே பல கோடி ரூபாய்க்குப் பஞ்சு வாங்கியிருந்தார்கள். தொழிலுக்கு என்றால் கேள்வி இல்லை, சொந்தத்துக்கு என்றால் கேட்டே ஆக வேண்டும் என்ற இந்த வரம்பு எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் அது மீறப்பட்ட வீடுகளில்தான் பாகப்பிரிவினை முதலில் வந்தது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

இதன் மறுபக்கம், சகோதரர்களுக்கிடையே கடைப்பிடிக்கப்படும் கண்டிப்பான சமத்துவம். ஒரே மதிலுக்குள் மூன்று அல்லது நான்கு வீடுகள், ஒரே வரைபடம், ஒரே அளவு, ஒரே தரைக்கல். ஒருவர் வீட்டு முகப்பு மற்றவர் வீட்டைவிட ஓரடி அகலமாக அமைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டட வரைபடத்தைத் திருப்பி அனுப்பிய குடும்பம் உண்டு. கார் வாங்கினால் ஒரே மாதிரியில், ஒரே நிறத்தில் நான்கு கார்களும் ஒரே நாளில் வருகின்றன. மருமகள்களுக்குப் போடும் நகை எடை பார்த்து எழுதி வைக்கப்படுகிறது. பத்தாண்டு கழித்து வரும் இளைய மருமகளுக்கும், தங்கம் என்ன விலை விற்றாலும், அதே எடை. தாயார் இருக்கும் வரை காலைப் பலகாரமும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் பெரிய வீட்டு அடுப்பில்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. தனக்குப் பிடித்த வீட்டில், தனக்குப் பிடித்த நிறத்துக் காரில் வாழும் சிறிய சுதந்திரம்கூட இந்தக் கோடீசுவரர்களுக்கு இல்லை. அறுபது வயதிலும் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான் சோபா வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது கடன். பெரும் பணக்காரர்களிடம் ரொக்கம் குவிந்து கிடக்கும் என்பது பொதுவான எண்ணம். கொங்கில் நான் பார்த்த வரையில், அவர்கள் குடியிருக்கும் வீட்டின் மூலப் பத்திரமே பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கிறது. புதிதாக நூல் நூற்கும் ஸ்பின்டில் போடவோ, காற்றாலை நிறுவவோ, சாயப்பட்டறையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கவோ கடன் வாங்கும்போது, ஆலைச் சொத்தோடு வீடு, காலி மனை, சில நேரங்களில் மனைவி பெயரிலுள்ள கட்டடம்வரை ஈடாகப் போய்விடுகிறது. சகோதரர்கள் எல்லோரும் சொந்தப் பொறுப்பிலும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். தொழில் நொடித்தால் குடியிருப்பு முதற்கொண்டு போகும் என்று தெரிந்த ஒருவர் இத்தாலியச் சலவைக்கல்லைப் பற்றி அதிகம் நினைக்க முடியாது.

வங்கிக்கு வெளியே நடக்கும் கடன் இன்னும் நுணுக்கமானது. திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் உருவாக நூல் வியாபாரி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி என்று பல கைகள் மாற வேண்டும். இவற்றில் பெரும்பகுதி வாய்ச்சொல்லை நம்பியும் பின்தேதியிட்ட செக்கை நம்பியும் நடந்துவந்தது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தராவிட்டால் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நியாயமான விதி என்றே நான் நினைக்கிறேன், ஆனால் அது வருவதற்கு முன்பும் இந்த ஊரில் பணம் நாள் தவறாமல் வந்ததற்குக் காரணம் பயம்தான். ‘இன்னாருடைய செக் திரும்பிடுச்சு’ என்ற செய்தி, வங்கியிலிருந்து குறிப்பு வந்து சேர்வதற்கு முன்பே நூல் கடைகளுக்குப் போய்விடும். அதேபோல ஒருவர் பாக்கி நிற்கும்போது வெளிநாட்டுக் கார் வாங்கினால், அன்று மாலையே நூல்காரர் போன் செய்து குசலம் விசாரிப்பார். ஆகவே அனுபவசாலிகள் தவணைகளைத் தீர்த்து, சீசன் முடிந்து, பாக்கிகளை நேர் செய்த பிறகே காரை வெளியே எடுக்கிறார்கள். வெள்ளை வேட்டி சட்டையும் ஆறேழு வருடப் பழைய இன்னோவாவும் அந்த ஊரில் ஒருவருடைய கடன் தகுதிக்கான சான்றிதழ்கள்.

வரித் துறைக்கான வேடமா என்று கேட்டதற்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். செல்வத்தின்மேல் விதிக்கப்பட்ட செல்வ வரியை 2015ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலேயே ஒழித்துவிட்டார்கள். வாரிசு வரி 1985இலேயே போய்விட்டது. ஆடம்பரத்தை மறைப்பதற்கான வரிக் காரணம் முன்னளவுக்கு இல்லை. கணக்கில் வராத பணம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் முழுக்க வங்கி வழியாகத் தொழில் செய்யும் ஏற்றுமதியாளர்களும் அதே வேட்டி சட்டையில்தான் இருக்கிறார்கள்.

அன்றாட நடைமுறையில் அவர்களுடைய நாள் அதிகாலையில் தொடங்கிவிடுகிறது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையின் இரண்டரைக் கிலோமீட்டர்ச் சுற்றில் காலை ஐந்தரை மணிக்கு நடப்பவர்களைக் கவனித்தால், ஆலை விற்பனை முதல் பெண் பார்ப்பது வரை அங்கே பேசி முடிக்கப்படுவதை உணரலாம். பொள்ளாச்சி, திருப்பூர்ப் பக்கத்துத் தொழிலதிபர்கள் பலர் வேதாத்திரி மகரிஷியின் எளிய முறை உடற்பயிற்சியைப் பல ஆண்டுகளாக விடாமல் செய்பவர்கள். ஆழியாறு அறிவுத் திருக்கோயிலில் சில நாள்கள் தங்கித் தவம் பயின்று வருவது அவர்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலாவைவிட விருப்பமானது. சில கம்பெனிகளில் தொலைபேசியை எடுத்ததும் ‘வாழ்க வளமுடன்’ என்ற குரல் கேட்பது இதனால்தான். மழைக்காலத்தில் ஆயுர்வேதச் சிகிச்சைக்காகச் சில வாரங்கள் ஒதுங்குவது இன்னொரு பழக்கம். பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே இருப்பதாலும், 1943இல் பி.வி. ராம வாரியர் கோவையிலேயே ஆர்ய வைத்திய பார்மசியைத் தொடங்கியதாலும், எண்ணெய்ச் சிகிச்சையும் பத்தியமும் இங்குள்ள செல்வர் வீடுகளில் மூன்று தலைமுறையாக வேரூன்றியிருக்கின்றன. உணவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, சந்தகை, எப்போதாவது நாட்டுக்கோழி. இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்துவிடும்.

தொழிலைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திருப்பூரில் ஒரு பெரிய ஏற்றுமதியாளர், மதியம் உறங்கி எழுந்து தினமும் மாலையில் கிடங்குக்குள் ஒரு சுற்று வருவார். ஒருநாள், சாயம் போட்டு வந்த துணி உருளைகளில் ஒன்றைப் பிரித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது நூத்தி எண்பது வராதுங்க, பத்து கம்மியா இருக்கும், வெட்டிப் பாருங்க” என்றார். பக்கத்திலிருந்த இளைஞர் வட்ட வெட்டியை வைத்துத் திருகி, நூறு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள துண்டை எடுத்துத் தராசில் போட்டார். தராசு 1.71 கிராம் காட்டியது. நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 171 கிராம்; இருக்க வேண்டியது 180. அந்த உருளைகள் அன்றே சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போயின. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்தின் உரிமையாளர் இதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் அந்த விரல்களின் அறிவை இழந்துவிட்டால் தான் வெறும் பணக்காரன் மட்டும்தான் என்று அவர் நினைக்கிறார். அதை மிகுந்த மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

இவர்கள் மனம் விட்டுச் செலவு செய்யும் இடம் தோட்டம். எவ்வளவு பெரிய ஆலை இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து வீடான சாளையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால்தான் வாரம் முடிந்ததாகக் கணக்கு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால் தோட்டம் வரிக்கான ஏற்பாடு என்று சிலர் கருதுகிறார்கள். சிலருடைய கணக்கில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்க்கும் தோட்டக் கணக்குகளில் பெரும்பாலானவை நட்டம். ஆயிரம் அடியைத் தாண்டிப் போடும் ஆழ்துளைக் கிணறுகள், பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து கிலோமீட்டர்க் கணக்கில் பதிக்கும் குழாய், தென்னைக்கு ஊடே ஜாதிக்காய், வாடல் நோய் வந்த மரங்களுக்கு வைத்தியம் என்று, ஆலையில் ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட வீணாக்காத அதே மனிதர் இங்கே கை எண்ணாமல் செலவழிக்கிறார். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தன் மண்டலத்துக்கு மடை திறக்கும் நாளில் வெளிநாட்டு வாடிக்கையாளருடனான சந்திப்பைத் தள்ளி வைத்தவரை எனக்குத் தெரியும். ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று 1970இல் நில உச்சவரம்பு குறைக்கப்பட்டதால் ஒரேயடியாக நிலம் சேர்க்கவும் முடியாது. அதனாலேயே இருக்கும் நிலத்தின்மேல் பற்று கூடியிருக்கிறது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இந்தப் பற்று மாடுகளின் பக்கம் திரும்புகிறது. அங்கே கொரங்காடு என்றொரு ஏற்பாடு உண்டு. மானாவாரி நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு அங்கங்கே வெள்வேல மரம்; மாடுகளை ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் தேவையில்லை. மனை போட்டு விற்றால் கோடிகள் வரக்கூடிய அந்த நிலத்தை மாட்டுக்காக மட்டுமே வைத்திருப்பது அந்தப் பக்கத்துச் செல்வர்களின் மௌனமான ஆடம்பரம். பரம்பரைத் தலைவர்களான பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாகப் பேணியிராவிட்டால் காங்கேயம் இனம் இன்றுள்ள நிலையில் இருந்திருக்காது. செந்நிறத்தில் பிறக்கும் கன்று ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை, பேரப்பிள்ளையின் வளர்ச்சியைப் போல நாள் குறித்துப் பார்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ரேக்ளா என்ற மாட்டு வண்டிப் பந்தயத்துக்காகக் காளை வளர்ப்பவர்கள் இன்னொரு வகை. 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்துக்காக, நொடிகளில் முடியும் போட்டிக்காக, ஆண்டு முழுவதும் தனி ஆள் வைத்துப் பருத்திக்கொட்டையும் பேரீச்சையும் கொடுத்து வளர்க்கிறார்கள். அந்தக் காளையின் விலையைச் சொல்லும்போது அவர்கள் குரலில் வரும் பெருமை, ஆலையின் விற்பனைக் கணக்கைச் சொல்லும்போது வருவதில்லை.

கோவை நகரத்துப் பழைய ஆலைக் குடும்பங்களின் பொழுதுபோக்கு வேறு திசையில் போயிருக்கிறது. ஓட்டல் பரிமாறுபவராக வேலை செய்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டு, 1920இல் பொள்ளாச்சி – பழனி தடத்தில் பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் அல்லவா? இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இங்குள்ள செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லலாம். லட்சுமி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்து உருவாக்கி, இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக வழி செய்தார். 1995இல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையம் பந்தயத் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர் என்பது தற்செயலன்று. பழைய கார்களைச் சேகரித்து, பல ஆண்டு தேடி ஒரு சிறு பாகத்தை வரவழைத்து, அவற்றை மீண்டும் ஓட வைப்பவர்கள் இன்றும் பலர். ஞாயிறு விடியற்காலையில், போக்குவரத்து தொடங்குமுன் அவற்றை ஒரு சுற்று ஓட்டிவிட்டு உறை போட்டு மூடிவிடுகிறார்கள்.

தமிழுக்காகச் செலவழித்தவர்களும் இந்த வரிசையில் வருகிறார்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார், தமிழிசை இயக்கத்தில் முன்னின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதியவர். பொள்ளாச்சி நா. மகாலிங்கம், சர்க்கரை ஆலைகளையும் போக்குவரத்து நிறுவனத்தையும் நடத்திக்கொண்டே வள்ளலார் நெறியில் வாழ்ந்து, திருமந்திரம் போன்ற நூல்களை மொழிபெயர்க்க வைத்துப் பதிப்பித்தார். ஆண்டுதோறும் அவர் நடத்திவந்த வள்ளலார் – காந்தி விழாவுக்கு வந்திருந்தபோதே, 2014 அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் காலமானார்.

செலவைப் பிடித்து வைக்கும் இதே குடும்பங்கள் கல்யாணத்தில் மட்டும் அணையைத் திறந்துவிடுகின்றன. பல்லாயிரம் பேருக்குச் சாப்பாடு, மண்டபத்துக்கு முன்னால் கிலோமீட்டர்க் கணக்கில் கார்கள். குலக் கூட்டத்தார், பங்காளிகள், தொழிலாளர்கள், நூல் கொடுத்தவர், கடன் கொடுத்த வங்கி மேலாளர் என்று எல்லோரும் ஒரே நாளில் வந்து பார்க்கும் இடம் அது ஒன்றுதான். ஆனால் அந்தப் பிரமாண்டத்துக்கு நடுவிலும், கொங்கு வெள்ளாளர் வீட்டுக் கல்யாணத்தில், சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் சாதாரண உழவராகவே இருப்பார். மணமகனின் தந்தை எவ்வளவு பெரிய ஆலைக்கு முதலாளியானாலும் அவர் சொல்லும் இடத்தில்தான் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரிக்குச் செய்யும் இணைச்சீரை எந்தக் கல்யாண ஏற்பாட்டு நிறுவனத்தாலும் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்க முடிந்ததில்லை.

கொடுப்பதிலும் பங்காளி முறைதான் வேலை செய்கிறது. பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று ஒதுக்கினார்கள். 1926இல் அப்படி 2,01,000 ரூபாயில் உருவான அறக்கட்டளையிலிருந்துதான் பி.எஸ்.ஜி. கல்லூரிகளும் மருத்துவமனையும் வளர்ந்தன. தர்மத்துக்கு எஞ்சியதைக் கொடுக்காமல், கூடப் பிறந்த ஒருவனாக அதைப் பாவித்து உரிமைப் பங்கு கொடுத்த அந்த ஏற்பாட்டை, கணக்குத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் வியந்து போற்றுகிறேன். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பங்குக்கு வர வேண்டியது வந்தாக வேண்டும். இன்றும் பல சிறிய குடும்பங்களின் பேரேட்டில் ‘கோயில்’, ‘படிப்பு’ என்ற தலைப்புகளில் இப்படி ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கிறது. சொந்த ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் நேராகக் கல்லூரிக்கே கட்டப்படும், பிள்ளைக்குக் கட்டியவர் பெயர் தெரியாது.

பிள்ளை வளர்ப்பில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு நேராகப் பஞ்சுக் கிடங்கில் எடைபோடப் போனார்கள். இப்போது இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ படித்துவிட்டு வருகிறார்கள். வந்த பிறகும் பெரும்பாலான வீடுகளில் முதல் ஆண்டு ஷிப்டு வேலைதான், சம்பளமும் மற்றவர்களுக்கு உள்ளதுதான். தந்தையின் அறையில் அவனுக்கு நாற்காலி கிடையாது.

இதுவரை பாராட்டும் தொனியில் எழுதிவிட்டேன். கணக்கின் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் அது நேர்மையாகாது. வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தவிடாத இதே மனிதர்கள் நொய்யல் ஆற்றைச் சாயக் கழிவால் நிரப்பினார்கள். ஒரத்துப்பாளையம் அணையின் கீழ் இருந்த உழவர்கள் பல ஆண்டு நீதிமன்றப் படியேறி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே கழிவு நீர் துளியும் வெளியேறாத முறை உறுதிப்பட்டது. தன் தோட்டத்துக் கிணற்றுக்குக் காட்டிய அக்கறையை ஆற்றுக்கும் காட்டியிருந்தால் ஓர் ஆறு பிழைத்திருக்கும்.

ஆனால் என் மனதை அதிகம் உறுத்துவது பெண்களின் நிலை. சகோதரர்களுக்கிடையே ஓரடி முகப்புக்கும் கணக்குப் பார்க்கும் இந்த வீடுகளில், சகோதரிக்குப் பங்கு என்ற பேச்சே எழுவதில்லை. மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2005இல் தந்தை உயிருடன் இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. இருந்தும், கல்யாணத்தில் போட்ட நகையையும் சீரையும் காட்டி, திருமணமான சில மாதங்களிலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நடக்கிறது. “அண்ணன் தம்பி உறவு முக்கியமா, சொத்து முக்கியமா, அம்மிணி?” என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்?

மருமகள்களின் நிலை வேறு விதம். பங்குதாரராகவோ இயக்குநராகவோ அவர்கள் பெயர் இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சிறு மஞ்சள் தாள் ஒட்டித் தாள்கட்டு வீட்டுக்கு வரும். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, தாளுக்கு நேரே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். கணவர் திடீரென்று இறந்த பிறகு, தன் பெயரில் எத்தனை கோடிக்கு ஜாமீன் நிற்கிறது என்பதை வங்கி அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பல தலைமுறைச் சிக்கனத்தில் கட்டிய குடும்பம், அவர்களுக்கு ஒரு தாளைக் காட்டச் சிக்கனம் பிடித்தது.

ஆகவே சில ஆண்டுகளாக, ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது, குடும்பத்தின் சொத்துகள், கடன்கள், யார் யார் எதற்கு ஜாமீன் நிற்கிறார்கள் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, வீட்டிலுள்ள பெண்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று என் வாடிக்கையாளர்களிடம் வற்புறுத்துகிறேன். மூத்தவர்களில் சிலர் இதை விரும்பவில்லை. ஒரு குடும்பம் வேறு தணிக்கையாளரிடம் போய்விட்டது. வேறு சில வீடுகளில் இளைய மருமகள்கள் அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்துவிட்டு எனக்கே போன் செய்து, இந்த ஜாமீனிலிருந்து எங்கள் பெயரை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். கடன் புதுப்பிக்கும் சமயத்தில் வங்கிக்கு எழுதிக் கேட்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லி, கடிதத்தையும் எழுதிக் கொடுத்து வருகிறேன்.